அரை கிரவுண்ட் மனையில் எந்த வீடு? ஒற்றைத் தளம், டூப்ளெக்ஸ், முற்றம், பிளாட்: ஓர் ஒப்பீடு

30-க்கு 40 மனை. 1200 சதுர அடி. சென்னைக் கணக்கில் அரை கிரவுண்ட், ஊர்ப்பக்கம் இரண்டே முக்கால் சென்ட். வங்கிக் கடன் கிடைக்கும் என்று தெரிந்ததுமே வீட்டில் வாக்குவாதம் ஆரம்பமாகிவிடும். அப்பாவுக்குத் தரைத்தளம் போதும். பிள்ளைகளுக்கு உள்ளேயே படி வைத்த இரண்டு தள டூப்ளெக்ஸ் வேண்டும். யூடியூபில் காரைக்குடி வீடு பார்த்த யாரோ ஒருவருக்கு நடுவில் முற்றம் இல்லாமல் தூக்கம் வராது. மச்சான் வந்து, "மனையை வித்துட்டு நல்ல பிளாட்டா வாங்கிப் போட்டுடுங்க மாமா, கொத்தனார் பின்னாடி யார் அலையறது" என்பார்.

நால்வரும் பேசுவது சதுர அடியில். ஆனால் ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்தால் நிம்மதியாக இருக்கிறதா, எழுந்து வெளியே போகலாமா என்று தோன்றுகிறதா என்பதை முடிவு செய்வதில் சதுர அடிக்கு மூன்றாவது நான்காவது இடம்தான். தலைக்குமேல் இருக்கும் கூரை, காற்று வந்து போகும் வழி, ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் டி.வி. பார்க்க முடிகிற ஏற்பாடு ஆகியவை அதற்கு முன்னால் வருகின்றன. பணம் இடிக்கும்போது குறைக்க வேண்டியது அறையின் அளவை, கூரைக்கும் ஜன்னலுக்கும் ஒதுக்கியதை அல்ல என்பது என் கட்சி. இதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

## எதை வைத்து அளப்பது

மதியம் 2 மணிக்கு வீட்டில் யார்? பிளான் போடுகிறவர் இதை முதலில் கேட்க வேண்டும், பெரும்பாலும் கேட்பதில்லை. கணவன் மனைவி இருவரும் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போய்விடும் குடும்பத்துக்கு வீடு என்பது மாலை 7 மணிக்குத் தொடங்கிக் காலை 8 மணிக்கு முடிகிறது. அவர்களைப் படுத்தப்போவது இரவுச் சூடு. வயதான பெற்றோர் பகல் முழுக்க இருந்தாலோ, ஒருவர் வீட்டிலிருந்தே வேலை பார்த்தாலோ கணக்கு தலைகீழ்.

கூரை. ஐந்து அங்குல ஆர்.சி.சி. (கம்பி கட்டிய கான்கிரீட்) தளம் காலையிலிருந்து வெயிலை வாங்குகிறது. அந்தச் சூடு அடிப்பக்கம் வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். அதனால்தான் வெளியே காற்று ஆறிப்போன இரவு 10 மணிக்கும் மின்விசிறியைப் போட்டால் அனல் இறங்குகிறது. அறைக்காற்று 31 டிகிரி என்று வெப்பமானி காட்டினாலும் சீலிங் அதைவிடச் சூடாக இருந்தால் படுத்திருப்பவர் உடம்பு அந்தக் கதிர்வீச்சை நேராக வாங்கிக்கொள்கிறது. அறையைப் பெரிதாக்கினால் இது தீராது. சூடான சீலிங்கும் அதே அளவு பெரிதாகும், அவ்வளவுதான்.

தீர்வு தளத்தின் மேல்பக்கம் இருக்கிறது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, அதன்மேல் தட்டோடு (தட்டையான சுட்ட மண் ஓடு) பதிக்கும் பழைய வழக்கம் இன்றும் நன்றாகவே வேலை செய்கிறது. வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை ஓடு, வெள்ளைப் பூச்சு, சோலார் பேனலின் நிழல் என்று வேறு வழிகளும் உண்டு. கடைசித் தவணையில் பணம் தீர்ந்துபோய் "தட்டோடு அப்புறம் பாத்துக்கலாம்" என்று விடப்படும் வீடுகள் ஏராளம். அந்த அப்புறம் வருவதே இல்லை, படுக்கையறைக்கு ஏ.சி.தான் வருகிறது.

காற்று. ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் வைத்த அறைக்குள் காற்று வாசலோடு நின்றுவிடும். நுழையவும் வெளியேறவும் இரண்டு வழி வேண்டும். வெப்பமும் ஈரமும் சேர்ந்த பகுதிகளில் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறப்பு வேண்டும் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் கணக்கு. 10-க்கு 12 அறைக்கு 20 சதுர அடி. 4-க்கு 5 ஜன்னல் வைத்தால் சரியாக வந்துவிட்டது என்று தோன்றும். ஆனால் இப்போது எல்லோரும் போடுவது தள்ளுகிற ஸ்லைடிங் ஜன்னல். அது பெரும்பாலும் பாதிதான் திறக்கும். 20 சதுர அடிக்குக் காசு கொடுத்து 10 சதுர அடிக் காற்று வாங்குகிறோம். அதன்மேல் கொசுவலை வேறு. கீல் போட்டு முழுதாகத் திறக்கும் ஜன்னல் பழைய மோஸ்தராகத் தெரியலாம், காற்று விஷயத்தில் அதற்கு நிகர் இல்லை.

இன்னொன்று: பக்கத்தில் மூன்றடி விட்டுக் கட்டுகிறோம், பக்கத்து வீட்டுக்காரரும் மூன்றடி விடுகிறார். அந்த ஆறடிச் சந்துப் பக்கம் வைக்கும் ஜன்னல் நேராக அவர்கள் குளியலறைக்கோ சமையலறைக்கோ எதிரில் நிற்கும். குடிபுகுந்த வாரமே திரை தொங்கும், பிறகு அது திறக்கப்படாது. நகரத்து மனையில் உருப்படியான ஜன்னல் என்றால் தெருப்பக்கமும் கொல்லைப்பக்கமும்தான். பிளானில் பக்கவாட்டில் வரைந்திருப்பவற்றைப் பாதி மதிப்பில் எடுத்துக்கொள்ளுங்கள்.

தனிமை. கதவைச் சாத்தினால் சத்தம் நிற்கிறதா? விருந்தாளி வந்தால், ஹாலைத் தாண்டாமல் குளியலறைக்குப் போக முடிகிறதா?

முழங்காலும் துடைப்பமும். படி ஏற வேண்டியவர் யார், பெருக்கித் துடைக்க வேண்டியவர் யார். இந்த இரண்டு பேரும் பிளான் பேசும்போது கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். பல வீடுகளில் அவர்கள் காபி போட்டுக்கொண்டிருப்பார்கள்.

### ஊரைப் பொறுத்து எடை மாறும்

சென்னை, கடலூர், நாகை, தூத்துக்குடி போன்ற கரையோர ஊர்களில் சிக்கல் வியர்வை. இரவிலும் அதிகம் ஆறாது என்பதால் கனத்த சுவர் எழுப்பிப் பெரிய லாபம் இல்லை. பிற்பகலில் கிழக்கு, தென்கிழக்கிலிருந்து வரும் கடற்காற்றை உள்ளே விடுவதே பெரிய வேலை. வேலூர், திருச்சி, மதுரைப் பக்கம் கோடையில் வறண்ட சூடு. அங்கே பகலில் ஜன்னலைச் சாத்தி, இரவில் திறந்துவிட வேண்டும். தடித்த சுவரும் உள்முற்றமும் அங்கேதான் முழுப் பலன் தரும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் கோயம்புத்தூர்க்காரருக்கும், செங்கோட்டைக் கணவாய்க்குக் கீழே இருக்கும் தென்காசிக்காரருக்கும் ஆனி ஆடியில் காற்றைத் தடுப்பதுதான் கவலை. ஒரே பிளானை மூன்று ஊரிலும் கட்டிவிட்டு, "எங்க வீடு மட்டும் ஏன் இப்படி" என்று கேட்பதில் அர்த்தமில்லை.

## ஒற்றைத் தள ஆர்.சி.சி. வீடு

முன்னால் 5 அடி, மற்ற மூன்று பக்கமும் 3 அடி விட்டால் 24-க்கு 32 கிடைக்கும். 768 சதுர அடி. (விட வேண்டிய இடம் மனைக்கும் தெரு அகலத்துக்கும் ஏற்ப மாறும், இது உதாரணம்.) சுவர்கள் போக, 11-க்கு 16 ஹால், 10-க்கு 11 அளவில் இரண்டு படுக்கையறை, 8-க்கு 10 சமையலறை, இரண்டு குளியலறை. படி வெளியே. ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு இது போதும். எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் எந்த அறைக்கும் கேட்கும். வயதானவருக்கு இதைவிட நல்ல வடிவம் கிடையாது.

குறை, வீடு முழுக்கக் கூரையடி. ஓர் அறைகூடச் சூட்டிலிருந்து தப்பாது. ஆகவே மொத்தத் தளத்துக்கும் தட்டோடு போடும் செலவை முதல் நாளே பட்ஜெட்டில் எழுதிவிட வேண்டும். மேலே ஒரு தளம் பின்னால் கட்டி வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால், தூண்களுக்கு இப்போதே அதற்கேற்ற கம்பி. மேலே ஆள் வந்துவிட்டால் கீழ்வீடு தானாகக் குளிரும். வாடகையோடு சேர்த்து வெயிலையும் அவர் தலையில் கட்டுகிறோம் என்பது கொஞ்சம் கூச்சமான உண்மை. அவருக்காகவாவது மேல்தளத்துக்குத் தட்டோடு போடுங்கள்.

மேஸ்திரி சொல்லும் சதுர அடி ரேட்டுக்குள் பெரும்பாலும் வராதவை: சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி), செப்டிக் டேங்க், காம்பவுண்டுச் சுவர், கேட், போர்வெல், மழைநீர்த் தொட்டி, மின்இணைப்பு. எந்தத் தனி வீட்டுக்கும் இது உண்டு. ஆனால் சின்ன வீட்டில் இவற்றின் பங்கு மொத்தச் செலவில் உறுத்தலாகத் தெரியும், ஏனென்றால் வீடு பாதியானாலும் செப்டிக் டேங்க் பாதியாகாது.

## டூப்ளெக்ஸ்

அதே அடித்தளத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு வீடு, கீழ்த்தளத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் கார் நிறுத்தவும் இடம். தனிமைக்கு இதற்குத்தான் முதல் மதிப்பெண். பத்தாம் வகுப்புப் பிள்ளை மேலே படிக்கும், கீழே தாத்தாவின் சீரியல் ஓடும், சண்டை இல்லை.

ஆனால் ஒரு கோளாறு இருக்கிறது. வழக்கமான டூப்ளெக்ஸில் கீழே ஹாலும் சமையலறையும், மேலே படுக்கையறைகள். வீட்டின் குளிர்ந்த பாதி கீழ்த்தளம். இரவானதும் எல்லோரும் அதைக் காலியாக விட்டுவிட்டு, சூடான கூரைக்கு நேர் அடியில் போய்ப் படுக்கிறார்கள். மே மாதம் பல டூப்ளெக்ஸ் வீடுகளில் பாய் கீழே ஹாலுக்கு வருவது இதனால்தான். கீழே ஒரு படுக்கையறை, அதோடு ஒட்டிய குளியலறை இல்லாத டூப்ளெக்ஸ் பிளானில் கையெழுத்துப் போடாதீர்கள். பெற்றோருக்கும் அது வேண்டும், காலில் கட்டுப் போட்டு வந்தால் உங்களுக்கும் வேண்டும்.

படி: தளத்திலிருந்து தளத்துக்குப் பத்தரை அடி என்றால் 7 அங்குலம் வீதம் 18 படி. அது ஒவ்வொரு தளத்திலும் சுமார் 65, 70 சதுர அடியைத் தின்னும். அதாவது, இரண்டு தளத்தையும் கூட்டினால் ஒரு சிறிய படுக்கையறை படியாகப் போய்விடுகிறது. உள்படி மூடாமல் திறந்திருந்தால் மேலே ஓடும் ஏ.சி.யின் குளிர்காற்று கனம் காரணமாகக் கீழே வழிந்து போகும், கீழ்ச் சமையலறையின் தாளிப்பு மணம் மேலே ஏறும்.

அடுத்தது இரட்டை உயர ஹால். 12-க்கு 16 ஹாலை 20 அடி உயர்த்தினால் 3840 கன அடி. சாதாரண உயரத்தைப் போல இரண்டு மடங்கு. படத்துக்கு அழகு. நுழைந்தவுடன் ஒரு பிரமிப்பும் உண்டு. அதில் குடியிருப்பவருக்கு எதிரொலி, எட்டாத விசிறி, ஏ.சி. போட்டால் கட்டுப்படியாகாத பில். ஒட்டடை அடிக்க ஆள் வைக்க வேண்டும். நியாயமாகச் சொன்னால் இதற்கு ஒரு நல்ல பயன் உண்டு: உச்சியில் திறந்து மூடும் வென்டிலேட்டர் வைத்தால் சூடான காற்று மேலேறி வெளியேறி, கீழிருந்து புதுக்காற்றை இழுக்கும். ஆனால் அங்கே திறக்காத கண்ணாடியைப் பதித்துவிடுவதுதான் இப்போதைய வழக்கம். அப்போது அந்தச் சூடு மாடிப் படுக்கையறை வாசலில் போய்த் தேங்கும்.

## முற்றம் வைத்த வீடு

ஆசை அதிகம், தவறுவதும் அதிகம் என்பதால் இங்கே கொஞ்சம் நிற்கலாம்.

கானாடுகாத்தான், காரைக்குடி வீடுகளில் முகப்பு, பட்டாலை, வளவு (உள்முற்றப் பகுதி) என்று விரிந்து செல்லும் இடத்தைப் பார்த்துவிட்டு வருபவர் ஒன்றைக் கவனிப்பதில்லை. வளவைச் சுற்றியிருக்கும் அறைகள் சின்னவை, இருட்டானவை. மணமான மகனுக்கு ஓர் அறை, அதில் சாமானும் சீர்வரிசையும். மனிதர்கள் வாழ்ந்தது அறையில் அல்ல, முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில். அந்த வீட்டின் குளுமை தடித்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, உயரக் கூரை, நிழலான தாழ்வாரம் எல்லாம் சேர்ந்து தருவது. முற்றத்தை மட்டும் வெட்டி எடுத்து 24-க்கு 32-க்குள் ஒட்டினால் அது வராது.

கணக்குப் போடுவோம். 8-க்கு 8 முற்றம், சுற்றிலும் 3 அடி நடை. 14-க்கு 14, அதாவது 196 சதுர அடி. 768-இல் கால் பங்கு போயிற்று. மிஞ்சியதில் இரண்டு படுக்கையறை வைத்தால் இரண்டும் 9 அடி அகலத்துக்குச் சுருங்கும். அந்த நடையை வெறும் நடையாக விடாமல், ஒரு பக்கத்தை 8 அடிக்கு அகலப்படுத்தி அதையே கூடமாக வைத்துக்கொள்ளத் தயார் என்றால் இந்தப் பேரம் படியும். தனியாக ஹாலும் வேண்டும், முற்றமும் வேண்டும் என்றால் இந்த மனை போதாது.

அடுத்து, கொசு, திருடன், ஐப்பசி கார்த்திகை அடைமழை. மூன்றுக்கும் பயந்து முற்றத்தின் மேல் கம்பி அடிப்பார்கள். அது பரவாயில்லை. பிறகு ஒரு மழையில் நடை நனைந்ததும் மேலே கண்ணாடியோ பாலிகார்பனேட் தகடோ போட்டு மூடுவார்கள். அந்த நிமிடத்தோடு முற்றம் முடிந்தது. வெயில் உள்ளே வரும், சூடு வெளியே போகாது. சென்னைக்கு ஏப்ரல் பிற்பாதியிலும் ஆகஸ்டிலும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. கண்ணாடி போட்ட முற்றம் அப்போது வீட்டுக்கு நடுவில் வைத்த அடுப்பு. மூடித்தான் ஆக வேண்டும் என்றால், தகட்டை ஒன்றரை அடி உயர்த்தி நான்கு பக்கமும் காற்று போக விடுங்கள். அதுவும் முடியாது என்றால் முற்றமே வேண்டாம், அந்த 64 சதுர அடியைப் படுக்கையறைக்குக் கொடுத்துவிடுங்கள்.

இந்த வடிவம் உண்மையில் ஜெயிப்பது 20-க்கு 60 மாதிரி ஒடுங்கி நீண்ட மனையில். பக்கத்து வீட்டுச் சுவர்கள் இரண்டு பக்கமும் ஒட்டி நிற்கும்போது நடு அறைகளுக்கு வெளிச்சம் வர வேறு வழியே கிடையாது. பழைய அக்கிரகார வீடுகள் திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று ஒரே கோட்டில் வாசல்களை வைத்தது சும்மா இல்லை. தெருக்கதவையும் கொல்லைக்கதவையும் திறந்தால் காற்று வீட்டின் நீளம் முழுக்க ஓடும். நீண்ட பக்கச் சுவர்களில் வெயிலே படாது.

ஓட்டுக் கூரையும் இதோடு சேர்த்துக் கேட்கப்படுகிறது. மங்களூரில் பாசல் மிஷன் 1865-இல் தொடங்கிய ஆலையிலிருந்து பரவிய சீமை ஓடு மெல்லியது. பகலில் சீக்கிரம் சுடும், இரவில் சீக்கிரம் ஆறிவிடும், இடுக்குகளில் காற்று கசியும். இரவில் மட்டும் வீட்டில் இருப்பவருக்கு ஆர்.சி.சி.யைவிட இது நல்லது. பகலில் இருப்பவருக்கு அடியில் இன்னொரு அடுக்கு ஓடோ மரத்தட்டியோ வேண்டும். எலி, அணில், ஆண்டுதோறும் ஓடு மாற்றுதல், துணி காயப்போட மொட்டை மாடி இல்லாமை, தண்ணீர்த் தொட்டிக்குத் தனி மேடை: இவை மறைந்திருக்கும் செலவுகள். மழைச்சத்தம் கேட்டுக்கொண்டே தூங்குவது வரவு. அதை எந்தத் தொகையில் எழுதுவதோ எனக்குத் தெரியாது.

## பிளாட்

நடுத்தளப் பிளாட் என்றால் கூரைச்சூடு என்ற தலைவலியே இல்லை. மேலே ஒரு வீடு, கீழே ஒரு வீடு, இரண்டு பக்கம் பொதுச்சுவர். மூன்று நான்கு மாடி ஏறியதும் காற்றும் கூடும், கொசுவும் குறையும், தெருவில் போகிறவர் பார்வையும் விழாது. சூட்டை மட்டும் வைத்துப் பார்த்தால் நான்கில் இதுவே முதல். மேல்தளப் பிளாட்டுக்கு இந்தப் பேச்சு பொருந்தாது. அதில் தனி வீட்டின் கூரைச்சூடு அப்படியே உண்டு, தட்டோடு போட உரிமை மட்டும் சங்கத்திடம்.

அளவில்தான் ஏமாற்றம். விளம்பரத்தில் 1000 சதுர அடி என்றால் சுவர், மாடிப்படி, லிஃப்ட், வராந்தா பங்கெல்லாம் போக வீட்டுக்குள் 700, 750 கிடைக்கும். 2016-ஆம் ஆண்டின் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டத்தில் கார்ப்பெட் ஏரியா என்பதற்குத் தெளிவான வரையறை உண்டு: உட்சுவர்கள் சேரும், வெளிச்சுவரும் பால்கனியும் சேராது. விலையை அந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். மனையில் உங்களுக்கு வரும் பிரிபடாத பங்கையும் கேளுங்கள். மாதப் பராமரிப்புத் தொகை உண்டு, கடன் முடிந்த பிறகும் அது முடியாது.

ஒரு தளத்தில் எத்தனை வீடு என்று எண்ணுங்கள். நான்கு என்றால் ஒவ்வொன்றும் மூலை வீடு, இரண்டு பக்கம் ஜன்னல் வரும். நீண்ட நடைவழியின் இரு மருங்கிலும் வரிசையாகக் கதவுகள் என்றால் நடுவில் உள்ளவற்றுக்கு ஒரே பக்கம். காற்று வர வாசல் கதவைத் திறந்துவைக்க வேண்டும், திறந்தால் எதிர்வீடு. மேற்குப் பார்த்த படுக்கையறை உள்ள பிளாட்டை மே மாதம் மாலை 4 மணிக்குப் போய்ப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். காட்டுகிறவர்கள் காலையில்தான் கூப்பிடுவார்கள்.

## பக்கத்தில் பக்கத்தில்

| | ஒற்றைத் தளம் | டூப்ளெக்ஸ் | முற்றம் / ஓடு | நடுத்தளப் பிளாட் |
|---|---|---|---|---|
| பகல் சூடு | நடுத்தரம் | கீழே குறைவு, மேலே அதிகம் | தாழ்வாரத்தில் குறைவு. வெறும் ஓட்டின் அடியில் அதிகம் | குறைவு. மேற்குச் சுவர் இருந்தால் அதிகம் |
| இரவுச் சூடு | தட்டோடு இல்லாவிட்டால் அதிகம் | படுக்கையறைகளில் அதிகம் | குறைவு | குறைவு |
| காற்று | பக்கத்து வீட்டைப் பொறுத்தது | படிவழி மேலே போனால் நல்லது | மூடாத வரை மிக நல்லது | மூலை வீட்டில் நல்லது |
| தனிமை | குறைவு | அதிகம் | மிகக் குறைவு | வீட்டுக்குள் நடுத்தரம் |
| முதியவருக்கு | மிக நல்லது | கீழே அறை இருந்தால் மட்டும் | நல்லது. வழுக்கும் தரை கவனம் | லிஃப்ட் ஓடும் வரை நல்லது |
| வீட்டு வேலை | குறைவு | இரு மடங்கு | மிக அதிகம் | மிகக் குறைவு |
| மறைந்த செலவு | தட்டோடு, சம்ப், காம்பவுண்டு | படிக்குப் போகும் இடம், ஏ.சி. | கட்டும் பரப்பில் கால் பங்கு, ஓடு மாற்றுதல் | பராமரிப்புத் தொகை, குறைந்த உள்ளளவு |

## அறை எவ்வளவு பெரிதாக இருக்கலாம்

வீட்டின் பாணி முடிவானதும் சண்டை அறை அளவுக்கு நகரும். இங்கே கட்டில், பீரோவை வைத்துக் கணக்குப் போடுவதுதான் சரி.

10-க்கு 10 படுக்கையறை. 5 அடி அகல, ஆறரை அடி நீளக் கட்டில். இரண்டு பக்கமும் இரண்டரை அடி, கால்மாட்டில் மூன்றரை அடி. அங்கே 2 அடி ஆழ அலமாரி வந்தால் நடக்க ஒன்றரை அடி, அதிலும் அலமாரிக் கதவு திறந்தால் யாரும் தாண்ட முடியாது. அதே அறையை 10-க்கு 12 ஆக்கினால் அந்த ஒன்றரை மூன்றரை ஆகிறது. நான்கு சுவரில் ஒரு சுவரின் இரண்டடி, அறையின் குணத்தையே மாற்றிவிடுகிறது. அதற்குமேல் 12-க்கு 14 ஆக்கினால் கிடைப்பது பெரும்பாலும் மூலையில் துணி குவிக்க ஒரு நாற்காலி. இருவர் படுக்கும் அறைக்கு 10-க்கு 12, 11-க்கு 12. இதைத் தாண்டிச் செலவிட வேண்டாம் என்பேன். விதித்தொகுப்பு கேட்கும் குறைந்தபட்ச அளவு 9.5 சதுர மீட்டர், அதாவது 102 சதுர அடி. அகலம் 2.4 மீட்டருக்குக் குறையக் கூடாது. அகலத்தைப் பற்றிய அந்த நிபந்தனையைத்தான் நான் மதிக்கிறேன். 7 அடி அகலத்தில் 16 அடி நீளம் பரப்பில் சரியாக வரும், உள்ளே போனால் ரயில் பெட்டி.

பெற்றோர் அறைக்கு அளவைவிடக் கதவு முக்கியம். சக்கர நாற்காலி திரும்ப 5 அடி வட்டம் வேண்டும், குளியலறைக் கதவு இரண்டரை அடி இருந்தால் அது நுழைவதே கஷ்டம். இன்று தேவையில்லை என்று தோன்றும். மூன்றடிக் கதவுக்கு இன்று ஆகும் கூடுதல் செலவு சொற்பம், சுவரை இடித்து அகலப்படுத்துவது அப்படி அல்ல. அந்தக் கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே விழுந்தவர் கதவை மறித்துக் கிடந்தால் உட்புறம் திறக்கும் கதவைத் தள்ள முடியாது.

ஹாலில் பெரிது பெரிது என்று போவார்கள். 12 அடி இடைவெளியில் எதிரெதிர் சோபா போட்டால் பேச்சு சத்தமாகிவிடும், உறவினர் கூட்டம் கலந்தாய்வுக் கூட்டம்போல ஆகும். வழவழப்பான டைல்ஸ், வெறுஞ்சுவர், உயரமான சீலிங் மூன்றும் சேர்ந்தால் டி.வி. ஒலியை ஏற்றிக்கொண்டே போக வேண்டியிருக்கும், திரைச்சீலையும் புத்தக அலமாரியும் வந்த பிறகே அடங்கும். 11-க்கு 16 ஹாலில், முதுகுக்குச் சுவரும் கண்ணுக்கு வாசலோ ஜன்னலோ கிடைக்கிற ஓர் இருக்கை அமைந்தால் அதுதான் வீட்டின் மிகச் சுகமான இடமாக இருக்கும். அப்பாக்கள் அதைச் சொல்லாமலே பிடித்துக்கொள்கிறார்கள்.

சீலிங் உயரம்: விதிப்படி குறைந்தது 2.75 மீட்டர், ஒன்பதடி. 10 அடி நல்ல உயரம். 11, 12 என்று ஏற்றுவதால் குறையும் சூடு கொஞ்சம்தான். மனசுக்கு என்ன என்றால், 2007-இல் ஜோன் மேயர்ஸ்-லெவியும் ஜூலியட் சூவும் வெளியிட்ட ஆய்வு 8 அடி, 10 அடி அறைகளை ஒப்பிட்டது. உயர்ந்த கூரையின் கீழ் மனம் சுதந்திரத்தை நினைத்து விரிவாக யோசித்தது, தாழ்ந்த கூரையின் கீழ் நுணுக்கத்தில் நின்றது. ஆகவே ஹால் உயர்ந்தும், படிக்கும் மூலை லாஃப்டுக்கு அடியில் தாழ்ந்தும் இருப்பதில் தவறில்லை.

சமையலறையைத் திறந்து வைப்பதா, மூடுவதா? வீடு பெரிதாகத் தெரிய வேண்டும் என்று சுவரை எடுக்கிறார்கள். தினமும் தாளிக்கிற, வாரம் ஒருமுறை மீன் பொரிக்கிற வீட்டில் ஹால் சோபாவுக்கும் அதே மணம். பாதிச் சுவர், மேலே தள்ளும் கண்ணாடி, அடுப்புக்கு நேர்மேல் எக்ஸாஸ்ட் என்பதே நம் சமையலுக்கு ஏற்ற சமாதானம்.

வாஸ்து பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. கன்னி மூலையில் பெரிய படுக்கையறை என்றால் தென்மேற்கு, அதாவது மாலை வெயில் முழுவதும் விழும் மூலை. மாற்ற மனமில்லை என்றால் மேற்குச் சுவர் நெடுக அலமாரி வையுங்கள், அல்லது குளியலறையை அந்தப் பக்கம் தள்ளுங்கள். சூடு துணிகளோடு நின்றுவிடும், கட்டிலுக்கு வராது.

ஏ.சி. போடப் போகிறீர்கள் என்றால் சின்ன அறைக்கு நேரடி லாபம். 10-க்கு 12 அறைக்கு ஒரு டன் போதும், மொட்டைமாடிக்கு நேர்கீழே என்றாலோ 12-க்கு 15 என்றாலோ ஒன்றரை டன்னுக்குப் போவார்கள். மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. 500 யூனிட்டைத் தாண்டினால் மேல்யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழ்ப்படி யூனிட்டுக்கும் கூடுதல் விலை. பெரிய அறையின் விலையைக் கட்டும்போது ஒருமுறையும், கோடைதோறும் ஒருமுறையும் கொடுக்கிறோம்.

## யாருக்கு எது

பெற்றோர் உடன் இருந்தால், அதுவும் இருவருக்கும் எழுபதை நெருங்கினால், ஒற்றைத் தளம். யோசிக்கவே வேண்டாம். கல்லூரிப் பருவப் பிள்ளைகள், வீட்டிலிருந்து வேலை என்றால் டூப்ளெக்ஸ், கீழே ஒரு படுக்கையறையோடு, இரட்டை உயரம் இல்லாமல். மதுரை, திருச்சி, சிவகங்கைப் பக்கம் 2000 சதுர அடிக்குமேல் மனையும், வீட்டைப் பார்த்துக்கொள்ள நேரமும் இருந்தால் முற்றம், மூடாமல். இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், அடிக்கடி ஊர் மாறும் வாய்ப்பு, சென்னை மாதிரி ஊர் என்றால் மச்சான் சொன்னதே சரி: மேலேயும் மேற்கேயும் வேறு வீடு இருக்கும் மூலைப் பிளாட்.

எதைத் தேர்ந்தாலும், அளவை உறுதி செய்ய ஒரு வேலை. இப்போது குடியிருக்கும் வீட்டின் மொட்டை மாடியில் சுண்ணாம்பால் அறைகளை முழு அளவில் வரைந்து, கட்டில் அளவுக்குப் பாய், சோபா அளவுக்கு நாற்காலி போட்டு நடந்து பாருங்கள். பிறகு மனையில் கடைக்கால் எடுத்து அடித்தளம் போட்டதும் எல்லா அறையும் கொட்டடி மாதிரி சுருங்கித் தெரியும். திறந்தவெளியில் எந்த அறையும் அப்படித்தான் தெரியும். சுவர் எழும்பி, பூச்சு முடிந்து, வெள்ளை அடித்த பிறகே சரியான அளவு கண்ணுக்கு வரும். அந்தப் பதற்றத்தில் "மேஸ்திரி, ரெண்டடி சேத்துப் போட்டுடுங்க" என்று சொல்லி, அந்த இரண்டடிக்காகத் தட்டோட்டுப் பணத்தை எடுத்துவிடாதீர்கள்.